தெருவில் ஓடும் மாடிஃபைட் காருக்கு டார்க் கன்வெர்ட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்க வி8 கார் ஒன்றை வாங்கி, கேம் ஷாஃப்ட்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றி, பெரிய கார்புரேட்டர் வைத்து, ஹெடர் (புகை வெளியேறும் குழாய்கள்) போட்டு முடித்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் டார்க் கன்வெர்ட்டர். அதுவரை ஒவ்வொரு பாகத்தையும் நிதானமாகத் தேடி வாங்கியவர்கள்கூட இங்கே வந்ததும் "எத்தனை ஸ்டால் போடலாம்?" என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். (ஸ்டால் என்பது ஒரு ஆர்பிஎம் எண், விளக்கம் கீழே வரும்.) அந்த எண் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமானதல்ல. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், காரின் எடை எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. கீழே வரும் பதில்களில் பாதி இதைப் பற்றித்தான். உதாரணங்களைப் பெரும்பாலும் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களிலிருந்து எடுத்திருக்கிறேன். ஃபோர்டு சி4, கிரைஸ்லர் 727 கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

டார்க் கன்வெர்ட்டர் என்னதான் செய்கிறது?

இன்ஜினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவே, கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. உள்ளே மூன்று சக்கரங்கள், சுற்றிலும் ஆயில். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசுகிறது. அந்த வீச்சில் டர்பைன் சுற்றி கியர்பாக்ஸை இயக்குகிறது. திரும்பி வரும் ஆயிலை நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் திசை மாற்றி, இம்பெல்லருக்கு உதவியாக அனுப்புகிறது. ஸ்டேட்டர் இல்லாவிட்டால் அது வெறும் ஃப்ளூயிட் கப்ளிங். வாங்கிய டார்க்கை (சுழற்றும் விசையை) அப்படியே தரும், கூட்டித் தராது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த முதல் ஹைட்ரமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருந்தது அதுதான்.

ஸ்டேட்டர் இருப்பதால், கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜின் தரும் டார்க் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. வேகம் ஏற ஏற இந்தப் பெருக்கல் குறையும். டர்பைன் இம்பெல்லரின் வேகத்தில் சுமார் 85 முதல் 90 சதவீதத்தை எட்டும்போது பெருக்கல் நின்றுவிடும். அதன் பிறகு ஸ்டேட்டர் தன் ஒருவழி கிளட்ச்சில் சும்மா சுற்றும். இந்த அமைப்புக்கு ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905-இல் காப்புரிமை எடுத்தார். அவர் மனதில் இருந்தது கப்பல். கார் பிறகுதான் வந்தது.

ஸ்டால் ஸ்பீட் என்றால் என்ன? பெட்டியில் 2,400 என்று எழுதியிருந்தால் என் காரிலும் 2,400 தானா?

டர்பைனை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் எந்த ஆர்பிஎம்முக்கு மேல் ஏற முடியாமல் நிற்கிறதோ, அது ஸ்டால் ஸ்பீட். இரண்டாவது கேள்விக்குப் பதில்: பெரும்பாலும் இல்லை.

கன்வெர்ட்டர் விழுங்கும் டார்க், ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். அதனால் ஸ்டால் ஆர்பிஎம்மை, அந்த ஆர்பிஎம்மில் இன்ஜின் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் எண், ஒரு கன்வெர்ட்டருக்குக் கிட்டத்தட்ட மாறாதது. தயாரிப்பவர்கள் இதை கே-ஃபேக்டர் என்பார்கள். 300 பவுண்டு-அடி டார்க் தரும் இன்ஜினுக்குப் பின்னால் 2,400-இல் ஸ்டால் ஆகும் கன்வெர்ட்டரின் கே-ஃபேக்டர் சுமார் 139. அதையே 450 பவுண்டு-அடி தரும் பிக் பிளாக்குக்கு (பெரிய வகை வி8) மாட்டினால் 2,900-ஐத் தாண்டும். 220 தரும் களைத்துப்போன பழைய இன்ஜினில் மாட்டினால் 2,050 பக்கம் நின்றுவிடும். பெட்டி ஒன்று, எண் மூன்று.

ஆகவே "நண்பன் காரில் 2,800 போட்டிருக்கிறான், பறக்கிறது" என்பது உங்களுக்கு எந்தத் தகவலும் தராது. அவனுடைய இன்ஜின் 2,800-இல் எவ்வளவு டார்க் தருகிறது என்று கேளுங்கள்.

3,000 ஸ்டால் போட்டால் 3,000 ஆர்பிஎம் வரும்வரை கார் நகராதா?

நகரும். அதிகம் பரவியிருக்கும் தப்பான எண்ணம் இது. ஸ்டால் எண் முழு ஆக்சிலரேட்டருக்கானது. பாதி மிதித்தால் இன்ஜின் தரும் டார்க் குறைவு. டார்க் குறைந்தால் ஸ்டாலும் கீழே இறங்கும்.

கணக்கில் பார்க்கலாம். சமதளத்தில் 60 மைல் வேகத்தில் ஒரு பெரிய அமெரிக்க கார் போக 20-25 குதிரைத்திறன் அளவு போதும். 2,000 ஆர்பிஎம்மில் அது சுமார் 65 பவுண்டு-அடி. மேலே சொன்ன 139 கே-ஃபேக்டர் கன்வெர்ட்டருக்கு அந்த டார்க்கில் ஸ்டால் 1,120 பக்கம்தான் வரும். நீங்களோ 2,000-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். வழுக்கல், அதாவது இம்பெல்லரைவிட டர்பைன் பின்தங்குவது, இருக்கும், கட்டுக்குள் இருக்கும். மலைப் பாதையில் ஏறும்போதோ பின்னால் டிரெய்லர் கட்டும்போதோ டார்க் கூடும், வழுக்கலும் கூடும், சூடும் கூடும். தொல்லை அங்கேதான்.

சரி, அப்படியென்றால் எவ்வளவு பெரிய ஸ்டால் போட்டாலும் சிக்கல் இல்லையா? இருக்கிறது. மலிவாகச் செய்த உயர் ஸ்டால் கன்வெர்ட்டர் லேசாக மிதித்தாலும் இன்ஜினைத் தனியாக இரைய விட்டுவிட்டு காரை மெதுவாக நகர்த்தும். நல்ல வடிவமைப்பில் அதே ஸ்டால் எண்ணுக்கு, சாதாரண ஓட்டத்தில் வித்தியாசமே தெரியாமல் இருக்கும். கேட்லாக்கில் இந்த வித்தியாசத்தைப் பார்க்க முடியாது, விலையில்தான் தெரியும்.

ஃபுட் பிரேக் ஸ்டால், ஃப்ளாஷ் ஸ்டால் என்று இரண்டு எண் சொல்கிறார்களே?

பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் வருவது ஃபுட் பிரேக் ஸ்டால். கொஞ்சம் வலுவான இன்ஜினில் இது உண்மையான எண்ணை எட்டாது. அதற்குள் பின் டயர்கள் பிரேக்கை மீறிச் சுற்றத் தொடங்கிவிடும். நின்ற நிலையிலிருந்து ஒரே மிதியாக முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் முள் சட்டென்று எகிறிப்போய் ஒரு கணம் தங்கும் இடம் ஃப்ளாஷ் ஸ்டால். தெருக் காருக்கு இதுதான் பயன்படும் எண். டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸையே பூட்டி காரை நிறுத்தும் அமைப்பு) வைத்து அளப்பது டிராக் கார்காரர்கள் சமாச்சாரம்.

அளந்து பார்ப்பதாக இருந்தால் ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பிறகு நியூட்ரலில் ஒரு நிமிடமாவது ஓட விடுங்கள். ஸ்டாலில் நிற்கும்போது இன்ஜின் தரும் சக்தி முழுவதும் ஆயிலைச் சூடாக்குவதற்கே போகிறது. 300 பவுண்டு-அடி, 2,400 ஆர்பிஎம் என்றால் சுமார் 100 கிலோவாட். குளியலறை வாட்டர் ஹீட்டர் 50-ஐ ஒரே நேரத்தில் அந்தச் சின்ன உருண்டைக்குள் போட்டது மாதிரி.

என் காருக்கு எத்தனை ஸ்டால் பொருந்தும்?

முதலில் கேம் ஷாஃப்ட்டோடு வந்த அட்டையை எடுங்கள். எந்த ஆர்பிஎம்மிலிருந்து எதுவரை கேம் வேலை செய்யும் என்று அதில் போட்டிருக்கும். 2,000 முதல் 6,000 என்று இருந்தால், கீழ் எண்ணுக்கு மேலே 500 சேர்த்து 2,500 என்று தொடங்கலாம். 0.050 அங்குல லிஃப்ட்டில் அளந்த டியூரேஷன் (கேம் வால்வைத் திறந்து வைத்திருக்கும் கோணம்) 215 டிகிரிக்குக் கீழே என்றால் தொழிற்சாலைக் கன்வெர்ட்டரே பெரும்பாலும் போதும். 220-230 வரை 2,200 முதல் 2,800. அதற்கு மேலே போனால் 3,000-ஐத் தாண்டிப் பேச வேண்டியிருக்கும். இவை கைக்கணக்குகள்தான், இன்ஜின் பெரிதாக ஆக, அதே கேம் சாதுவாக நடந்துகொள்ளும். 350 கன அங்குல இன்ஜினில் உறுமும் கேம் 454-இல் பூனையாகிவிடும்.

கன்வெர்ட்டர் இறுக்கமாக (ஸ்டால் குறைவாக) இருக்கிறதா, தளர்வாக (ஸ்டால் கூடுதலாக) இருக்கிறதா என்று சிக்னலில் நிற்கும்போதே தெரியும். இறுக்கமாக இருந்தால், பார்க்கில் 850-இல் ஓடும் இன்ஜின், டிரைவில் போட்டதும் 600-க்கு விழுந்து, கார் முழுக்க நடுங்கி, ஹெட்லைட் மங்கி, சில சமயம் அணைந்தே போகும். பலர் இதை கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றிக்கொண்டே போவார்கள். ஏற்ற ஏற்ற கார் பிரேக்கைத் தள்ளும், டிரைவில் போடும்போது 'டங்' என்று இடிக்கும். பெரிய கேம் வைத்த இன்ஜினுக்குத் தாழ்ந்த ஆர்பிஎம்மில் பலம் கிடையாது. இறுக்கமான கன்வெர்ட்டர் அந்தப் பலவீனமான இடத்திலேயே அதன் மேல் சுமையைப் போடுகிறது. ஸ்டாலை 500-600 கூட்டினால் இந்த நடுக்கம் பெரும்பாலும் அடங்கிவிடும். என் கணக்கில், தெருக் காருக்கு ஸ்டால் கூட்டுவதன் முதல் லாபம் இதுதான், டிராக் நேரம் அல்ல.

எடையையும் மறக்கக் கூடாது. கனமான காரைக் கிளப்ப அதிக ஸ்டால் உதவும், ஆனால் சூடும் அதிகமாகும். லேசான கார், குட்டைக் கியர் (எண்ணில் பெரிய விகிதம்) என்றால் குறைவான ஸ்டாலே போதும். பொதுவாக, மக்கள் தேவையைவிடப் பெரிய ஸ்டால்தான் வாங்குகிறார்கள். 2,400-க்கும் 2,800-க்கும் நடுவில் தடுமாறுகிறீர்கள், காரை வாரம் முழுக்க ஓட்டுகிறீர்கள் என்றால் 2,400-ஐ எடுங்கள்.

கியர்பாக்ஸ், பின் ஆக்சில் விகிதம் இதில் எங்கே வருகிறது?

ரொம்ப முக்கியமான இடத்தில். கிளம்பும்போது சக்கரத்துக்குப் போகும் பலம் என்பது இன்ஜின் டார்க் × கன்வெர்ட்டர் பெருக்கல் × முதல் கியர் × ஆக்சில் விகிதம்.

ஜிஎம்மின் டர்போ ஹைட்ரமேட்டிக் 350 கியர்பாக்ஸின் (சுருக்கமாக டர்போ 350; டர்போசார்ஜருக்குச் சம்பந்தமில்லை) முதல் கியர் 2.52. அதோடு 3.73 ஆக்சில் வைத்தால் மொத்தம் 9.40. 700ஆர்4 கியர்பாக்ஸின் முதல் கியர் 3.06. அதோடு வெறும் 3.08 ஆக்சில் வைத்தால் 9.42! கிளம்பும்போது இரண்டும் ஒன்றுதான். நெடுஞ்சாலையில் பாருங்கள்: 26 அங்குல டயரில் 60 மைல் வேகத்துக்கு முதல் கார் 2,890 ஆர்பிஎம்மில் கத்திக்கொண்டு போகும். இரண்டாவது கார் 0.70 ஓவர்டிரைவில் (இன்ஜினைவிட வேகமாகச் சுற்றவைக்கும் மேல் கியர்) 1,670-இல் நிம்மதியாகப் போகும். கன்வெர்ட்டருக்கும் ஆக்சிலுக்கும் சேர்த்து எடுத்துவைத்த பணத்தை, சில சமயம் நான்கு கியர் பெட்டிக்குப் போடுவதே புத்திசாலித்தனம்.

கணக்குப் போட விரும்புவோருக்கு: மைல் வேகம் × ஆக்சில் விகிதம் × கியர் விகிதம் × 336, அதை அங்குலத்தில் டயர் விட்டத்தால் வகுத்தால் ஆர்பிஎம் வரும்.

ஜிஎம்மின் பவர்கிளைடு கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் தனி ரகம். இரண்டே கியர், முதல் கியர் 1.76 அல்லது 1.82. குறையும் பெருக்கலைக் கன்வெர்ட்டரிடமிருந்துதான் பிடுங்க வேண்டும், அதனால் ஸ்டால் கூடுதலாகத்தான் வேண்டியிருக்கும்.

லாக்-அப் கன்வெர்ட்டர் அவசியமா?

ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ், தெருவில் ஓடும் கார், ஸ்டாலும் தொழிற்சாலை அளவுக்கு மேலே. இந்த மூன்றும் சேர்ந்தால் அவசியம் என்றே சொல்வேன். லாக்-அப் என்றால் உள்ளே ஒரு கிளட்ச். சீரான வேகத்தில் போகும்போது அது இம்பெல்லரையும் டர்பைனையும் நேராகப் பூட்டிவிடும். வழுக்கல் பூஜ்யம், சூடு குறைவு, பெட்ரோல் மிச்சம். 1949-இல் பேக்கர்டு நிறுவனம் தன் அல்ட்ராமேட்டிக் கியர்பாக்ஸில் இதைக் கொண்டுவந்தது. பிறகு நெடுங்காலம் பெரிதாக யாரும் சீண்டவில்லை. பெட்ரோல் விலை ஏறிய பிறகு 1978-இல் கிரைஸ்லர் மறுபடி எடுத்தது.

ஒரு எச்சரிக்கை. சாதாரண ஒற்றைத் தட்டு லாக்-அப் கிளட்ச் நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு மட்டும் உருவானது. முழு ஆக்சிலரேட்டரில் 400 குதிரைத்திறனைப் பூட்டச் சொன்னால் கருகும், கருகிய துகள் கியர்பாக்ஸ் முழுக்கப் பரவும். முழு வேகத்திலும் பூட்டத்தான் வேண்டுமென்றால் பல தட்டு கிளட்ச்சும், வளையாத பில்லெட் (ஒரே உலோகக் கட்டியிலிருந்து கடைந்த) முன்மூடியும் உள்ளதை வாங்குங்கள். விலை 1,000 டாலரைச் சுலபமாகத் தாண்டும்.

டர்போ 350, டர்போ 400 காரர்களுக்குப் பொதுவாக லாக்-அப் கிடையாது. ஓவர்டிரைவும் இல்லாததால் அது பெரிய குறையும் இல்லை.

டர்போசார்ஜர், சூப்பர்சார்ஜர், நைட்ரஸ் இருந்தால்?

ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (இன்ஜினே சுழற்றும் காற்றழுத்தி) தொடக்கத்திலேயே டார்க்கைக் கொட்டும். ஆகவே இறுக்கமான கன்வெர்ட்டர் வேண்டும். பெட்டி எண்ணைவிட ஸ்டால் தானே ஏறிக்கொள்ளும்.

நைட்ரஸில் (பொத்தானை அமுக்கினால் இன்ஜினுக்குப் போய்க் கூடுதல் சக்தி தரும் வாயு) ஒரே காருக்கு இரண்டு எண். 400 பவுண்டு-அடி இன்ஜின் நைட்ரஸோடு 550 தந்தால், 2,600 ஸ்டால் 3,050-க்கு எகிறும். எந்த நிலையில் காரை அதிகம் ஓட்டுகிறீர்களோ அதைச் சொல்லி ஆர்டர் கொடுங்கள். வாரக்கடைசியில் நாலு தடவை பொத்தானை அமுக்குவதற்காகத் தினசரி ஓட்டத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

டர்போதான் சிக்கலானது. டர்போ சுழலத் தொடங்கும்வரை இன்ஜின் பலவீனம், சுழன்ற பிறகு ராட்சசன். கிளம்பும்போது தளர்வாகவும் மேலே போனதும் இறுக்கமாகவும் ஒரே கன்வெர்ட்டர் இருக்க வேண்டும். இங்கே கேட்லாக்கைப் பார்த்து வாங்குவது வீண்; டர்போவின் அளவைச் சொல்லிச் செய்து வாங்குவதுதான் வழி. இதற்கு ஜிஎம்மின் ப்யூக் பிரிவு 1960-களிலேயே ஒரு அழகான விடை வைத்திருந்தது: ஸ்டேட்டர் இதழ்களின் கோணத்தையே மாற்றும் ஸ்விட்ச்-பிட்ச் கன்வெர்ட்டர். ஒரு கோணத்தில் ஸ்டால் கூடும், இன்னொன்றில் குறையும். 1967-க்குப் பிறகு ஜிஎம் அதை விட்டுவிட்டது. செலவுதான் காரணமாக இருக்கும் போலிருக்கிறது, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

தனி ஆயில் கூலர் வேண்டுமா?

வேண்டும். ஸ்டாலைக் கூட்டினால் கூலரும் கூடவே வர வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 80 டிகிரி செல்சியஸ் பக்கம் சுகமான இடம். அதற்கு மேலே ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கைக்கணக்கு. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைக் கழற்றாமல், அதிலிருந்து வரும் ஆயில் அடுத்துத் தட்டு அடுக்குக் கூலருக்குப் போகும்படி இணையுங்கள். கூடவே ஒரு டெம்பரேச்சர் மீட்டர். கூலரைவிட மலிவு, அதைவிட அதிகம் சொல்லும்.

கன்வெர்ட்டரின் உள்வேலையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

தொழிற்சாலைக் கன்வெர்ட்டர்கள் 12-13 அங்குல விட்டம். விட்டம் குறையக் குறைய ஸ்டால் ஏறும். 10 அங்குலம் தெருவுக்கும் டிராக்குக்கும் பொதுவான அளவு. கேட்க வேண்டியவை: இதழ்கள் உலையில் பிரேசிங் செய்யப்பட்டவையா, உராயும் வாஷருக்குப் பதில் ஊசி பேரிங் இருக்கிறதா, ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் கனமானதா. அதிக ஆர்பிஎம்மில் கன்வெர்ட்டர் உப்பி கிராங்க் ஷாஃப்ட்டின் திரஸ்ட் பேரிங்கைத் தள்ளும். அதைத் தடுக்கும் தகடு இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

கடைக்காரர்கள் உங்களைத் திருப்பி எதுவும் கேட்காமல் 'ஸ்டால் எவ்வளவு வேணும்?' என்று மட்டும் கேட்டால் வேறு கடை பாருங்கள். நல்ல கடையில் எடை, டயர் அளவு, ஆக்சில், கேம் அட்டை, கம்ப்ரெஷன் என்று அரைப் பக்கம் கேட்பார்கள். குதிரைத்திறனை ஏற்றிச் சொல்லாதீர்கள். 330-ஐ 450 என்று பெருமையாகச் சொன்னால், 450-க்குச் செய்த இறுக்கமான கன்வெர்ட்டர் வரும். உங்கள் காரில் ஸ்டால் தாழ்ந்து மந்தமாகத்தான் கிளம்பும்.

எல்எஸ் இன்ஜினுக்குப் பின்னால் பழைய டர்போ 400 மாட்டுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான எல்எஸ் இன்ஜின்களில் (ஜிஎம்மின் பிந்தைய வி8 வகை) கிராங்கின் பின் விளிம்பு பழைய ஸ்மால் பிளாக்கைவிட (ஜிஎம்மின் பழைய சிறிய வி8) 0.400 அங்குலம், அதாவது சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். ஸ்பேசரும் அதற்கான ஃப்ளெக்ஸ் பிளேட்டும் (கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டு) இல்லாமல் மாட்டினால் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்கில் சரியாக உட்காராது. மையம் தவறிய கன்வெர்ட்டர் முதலில் பம்ப் சீலைத் தின்னும், அப்புறம் ஃப்ளெக்ஸ் பிளேட்டை வெடிக்க வைக்கும்.

மாட்டும்போது எங்கே தவறு நடக்கிறது?

கியர்பாக்ஸுக்குள் முழுக்க உட்காராமலே போல்ட் போடுவதில். புதுக் கன்வெர்ட்டருக்குள் முதலில் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றி, ஷாஃப்ட்டில் ஏற்றி, இரு கையாலும் உள்ளே தள்ளியபடி மெதுவாகச் சுற்றுங்கள். ஒன்று டர்பைன் பல், இன்னொன்று ஸ்டேட்டர் பல், கடைசியாகப் பம்ப்பின் காது. மூன்று தடவை 'டக்' என்று உள்ளே இறங்க வேண்டும். இரண்டோடு நின்றுவிட்டது போலத் தோன்றினால் இன்னும் சுற்றுங்கள். கடைசி 'டக்'தான் முக்கியம், அதற்குத்தான் பொறுமை தேவை.

கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்த்து இறுக்கிய பிறகு கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், முன்னும் பின்னும் கொஞ்சம் நகர வேண்டும். அதற்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது சரி. இடைவெளியே இல்லை, கியர்பாக்ஸ் போல்ட்டை இறுக்கித்தான் சேர்க்க முடிகிறது என்றால் உடனே நிறுத்துங்கள். அப்படி இழுத்து மாட்டிய கார் ஸ்டார்ட் ஆன முதல் நொடியிலேயே பம்ப் உடையும்.

700ஆர்4 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளின் அளவு. அது தப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் கருகும், பழி கன்வெர்ட்டர் மேல் விழும்.

மாட்டிய பிறகு, வாங்கியது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டிராக்குக்குப் போகிறவர்கள் கால் மைல் முடிவில் டாகோமீட்டரைப் பாருங்கள். 3.73 ஆக்சில், 26 அங்குல டயர், டாப் கியர் 1:1, முடிவு வேகம் 105 மைல் என்றால் கணக்குப்படி 5,060 ஆர்பிஎம் வர வேண்டும். முள் 5,450 காட்டினால் வழுக்கல் 7 சதவீதம். 3 முதல் 5 என்றால் அருமை, 7 பரவாயில்லை, 10-ஐத் தாண்டினால் கன்வெர்ட்டர் உங்கள் இன்ஜினுக்குத் தளர்வு. டயர் வேகத்தில் கொஞ்சம் விரியும், அதையும் மனதில் வையுங்கள்.

தெருவில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு டெம்பரேச்சர் மீட்டரும், டிரைவில் சிக்னலில் நிற்கும்போது ஐட்லிங்கும் போதும்.

பழைய கன்வெர்ட்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கன்வெர்ட்டர் வெல்டிங் செய்து மூடிய பாத்திரம். உள்ளே தங்கிய உலோகத் துகளை வெளியிலிருந்து எத்தனை லிட்டர் ஆயில் விட்டு அலசினாலும் முழுக்க வெளியேற்ற முடியாது. வெட்டித் திறந்து, கழுவி, பேரிங் மாற்றி, மறுபடி வெல்டிங் செய்து பேலன்ஸ் பார்த்த கடையின் ரசீது இருந்தால் யோசிக்கலாம். அப்போதும் அது எந்த இன்ஜினுக்குப் பின்னால் எத்தனை ஸ்டால் காட்டியது என்று கேட்டு, மேலே சொன்ன கணக்கில் உங்கள் டார்க்கைப் போட்டுப் பாருங்கள். கியர்பாக்ஸ் கருகிய காரிலிருந்து கழற்றியது என்றால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.